தாள் இல்லாத மேடை: அரோரா ஆர்க்கெஸ்ட்ரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய சாஸ்திரிய இசையை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கும் நண்பர்களுக்கு, லண்டனின் அரோரா ஆர்க்கெஸ்ட்ராவின் வீடியோ ஒன்றை அனுப்பிவைப்பது என் வழக்கம். பார்த்துவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அரோரா ஆர்க்கெஸ்ட்ரா என்பது யார்?

2005இல் லண்டனில் தொடங்கிய சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. தொடங்கியவர்கள் நிக்கோலஸ் காலன், ராபின் டிச்சாட்டி என்ற இரண்டு இளம் நடத்துநர்கள் (குழுவின் முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துபவர்கள்). இருவருமே பிரிட்டனின் தேசிய இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்து வளர்ந்தவர்கள். டிச்சாட்டி பிறகு வேறு இசைக்குழுக்களுக்குப் போய்விட்டார். காலன்தான் அன்றிலிருந்து இதன் முதன்மை நடத்துநர். லண்டனில் கிங்ஸ் பிளேஸ், சவுத்பேங்க் சென்டர் ஆகிய அரங்குகளில் தொடர்ந்து வாசிக்கிறார்கள். ஆனால் உலகம் இவர்களை அறிந்துகொண்டது ராயல் ஆல்பர்ட் ஹாலில் கோடைதோறும் நடக்கும் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில்தான்.

ஸ்வரங்களை எழுதிய நோட்டேஷன் தாளும் அதைத் தாங்கும் ஸ்டாண்டும் இல்லாமல் முழு சிம்பொனிகளை (ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்ட, பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகளை) மனப்பாடமாக வாசிப்பது இவர்களின் அடையாளம். அதே மேடையில் நாடகம், கதை, ஒளி, அசைவு எல்லாம் சேர்வது இன்னொன்று. இந்தச் சேர்க்கையை அவர்கள் ஆர்க்கெஸ்ட்ரல் தியேட்டர் என்று அழைக்கிறார்கள்.

சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் என்ன?

நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழுதான் நினைவுக்கு வரும். இது அது அல்ல. வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, செல்லோ, டபுள் பாஸ், அவற்றோடு சில காற்றுக் கருவிகள் என்று முப்பது, நாற்பது பேர் கொண்ட சிறிய குழுவுக்கு சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் எண்பது, நூறு பேர் இருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இசையமைப்பாளர் மோட்ஸார்ட் காலத்து இசைக்குச் சிறிய குழுவே போதும். இருபதாம் நூற்றாண்டின் ஸ்ட்ராவின்ஸ்கி போன்றவர்களின் படைப்பை எடுக்கும்போது அரோரா கூடுதல் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பெரிதாகிவிடும்.

இளையராஜாவின் சிம்பொனியை லண்டனில் வாசித்தது இவர்களா?

இல்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அதை வாசித்தது ராயல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா. அன்றைய நடத்துநர் மிக்கேல் டாம்ஸ்.

தாள் இல்லாமல் வாசிப்பதில் என்ன பெரிய விஷயம்? நம் வித்வான்கள் எல்லோரும் அப்படித்தானே வாசிக்கிறார்கள்?

என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். நியாயமான கேள்வியும்கூட. நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் சாமி புறப்பாட்டோடு நடந்துகொண்டே மணிக்கணக்கில் வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, முன்னால் தாளை விரித்துவைத்து வாசிப்பதுதான் விநோதமாகத் தெரியும்.

ஆனால் இரண்டு இசைகளின் கட்டுமானமும் வேறு. கச்சேரியில் எல்லோரும் ஒரே ராகத்தில், ஒரே கீர்த்தனையின் பாதையில் போகிறார்கள். பாடகர் ஒரு சங்கதியைக் கூட்டினாலும் குறைத்தாலும் வயலின்காரர் காதால் பிடித்துக்கொண்டு பின்தொடர்வார். மனோதர்மத்துக்கு இடம் இருப்பதால், வழி தவறினாலும் திரும்பி வர ஒரு வாசல் இருக்கும். சிம்பொனியில் ஒரே நேரத்தில் பத்து, பதினைந்து வெவ்வேறு வரிகள் ஓடுகின்றன. ஒவ்வொருவர் வாசிப்பதும் வேறு. ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற முடியாது. ஒருவர் ஒரு அட்சரம் முன்னால் நுழைந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரும் தடுமாறுவார்.

அதிலும் முதல் வயலின்காரர்கள் பாக்கியசாலிகள். அவர்களிடம் பாட்டு இருக்கிறது, பாட்டு மனதில் தானாக நிற்கும். மெட்டுக்கு அடியில் வாசிக்கும் உள்வரிசைக்காரர்களின் பாடு வேறு. மோட்ஸார்ட்டின் 40ஆம் சிம்பொனி எப்படித் தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு நுழைவதற்கு முன்பே வியோலாக்கள் அடியில் குறுகுறுவென்று ஓட ஆரம்பித்துவிடுகின்றன. அந்த ஓட்டத்தைத் தனியாக முணுமுணுத்துப் பார்த்தால் பாட்டென்று எதுவும் கையில் சிக்காது. அரை மணி நேரத்துக்கு அப்படிப்பட்ட வரிகளைப் பிசகாமல் மனதில் வைத்திருக்க வேண்டும். ஹார்ன் வாசிப்பவருக்கு இன்னொரு சோதனை. நீண்ட நேரம் சும்மா இருந்துவிட்டு, சரியான ஒரே ஒரு கணத்தில் நுழைய வேண்டும். தாள் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டால் மற்றவர்கள் வாசிப்பது முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. இந்த வகைச் சிம்பொனியில் முதலில் வந்த மெட்டுகள் பிற்பாதியில் மறுபடி வரும், ஆனால் வேறு சுருதி நிலையில். 40ஆம் சிம்பொனியின் முதல் பகுதியில் இரண்டாவது மெட்டு பி-ஃபிளாட் மேஜரில் வெளிச்சமாக வருகிறது. திரும்பி வரும்போது ஜி மைனரில் இருண்டு வருகிறது. ஒரே வாசலில் தொடங்கி இரண்டு வெவ்வேறு ஊர்களுக்குப் போகும் பாதைகள். கொஞ்சம் அசந்தால் விரல் பழைய பாதையில் போய்விடும். எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்பதை நாற்பது பேரும் உள்ளுக்குள் அறிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதை வெறும் ஞாபகசக்தி என்று என்னால் சொல்ல முடியவில்லை. படைப்பின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இப்படி வாசிக்கவே முடியாது.

இதை முதலில் செய்தது அரோராதானா?

2014இல் ப்ராம்ஸ் விழாவில் இவர்கள் 40ஆம் சிம்பொனியைத் தாள் இல்லாமல் வாசித்தது பெரிய பரபரப்பானது. ஆனால் வரலாற்றில் முன்னோடி உண்டு. 1880இல் ஜெர்மனியின் மைனிங்கன் அரசவை இசைக்குழுவின் பொறுப்பை ஏற்ற ஹான்ஸ் ஃபான் பியூலோ, தன் கலைஞர்களை மனப்பாடமாக, அதுவும் நின்றபடி வாசிக்கப் பழக்கினார். 1885இல் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹன்னஸ் பிராம்ஸின் நான்காம் சிம்பொனி முதன்முதலாக ஒலித்தது அந்தக் குழுவிடம்தான். பியூலோவுக்குப் பிறகு அந்தப் பழக்கம் பரவவில்லை. வாரத்துக்கு ஒரு புது நிகழ்ச்சி கொடுக்க வேண்டிய நவீன இசைக்குழுக்களுக்கு ஒரு சிம்பொனியை மனப்பாடம் செய்ய நேரம் எங்கே கிடைக்கும்? அரோரா அந்த நேரத்தை ஒதுக்கியது.

ஆண்டுக்கு ஒன்றாக அவர்கள் எடுத்த படைப்புகளின் வரிசையே ஒரு கதை சொல்கிறது. 2015இல் பேத்தோவனின் ஆறாம் சிம்பொனி, 2016இல் மோட்ஸார்ட்டின் 41ஆம் சிம்பொனி, 2017இல் பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனி, 2018இல் ஷோஸ்டகோவிச்சின் ஒன்பதாவது என்று ஒவ்வொரு கோடையிலும் சுமையைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

தாளை எடுத்துவிட்டால் மேடையில் என்ன மாறுகிறது?

ஸ்டாண்டுகள் போனதும் நாற்காலிகளும் போய்விடுகின்றன. செல்லோ போன்ற கருவிகள் தவிர மற்றவர்கள் நின்று வாசிக்கிறார்கள். தாளில் பதிந்திருந்த கண்கள் விடுதலை பெறுகின்றன. ஓபோ ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது கிளாரினெட்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை வாங்கிக்கொள்வார். டபுள் பாஸ் வாசிப்பவர் முதல் வயலினைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு வரியை ஒருவர் இன்னொருவரிடம் கைமாற்றுவதைப் பார்வையாளர் கண்ணாலேயே தொடரலாம். சிம்பொனி என்பது ஓர் உரையாடல் என்று புத்தகங்களில் படித்திருந்தேன். அது என் கண்ணில் பட்டது இவர்களைப் பார்த்தபோதுதான்.

நாடகம் நுழைவதற்கான இடமும் இப்படித்தான் பிறந்தது. நகர முடியாத கலைஞர்களைச் சுற்றி விளக்கைப் போட்டாலும் நடிகரை நிறுத்தினாலும் அது பின்னணி அலங்காரமாகத்தான் இருக்கும். கலைஞரே திரும்பவும் நடக்கவும் முடியும் என்றால் வாசிப்பவரே பாத்திரமாகிவிடுகிறார். மனப்பாடம் வேர், நாடகம் கிளை. என் பார்வையில் அரோராவைப் புரிந்துகொள்ள வேண்டிய வரிசை இதுதான். பலர் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள்.

நாடகம் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்றை உதாரணமாகச் சொல்ல முடியுமா?

2019இல் ப்ராம்ஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் சிம்பொனி ஃபன்டாஸ்டிக் வாசித்தார்கள். இந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தம் என்பது படைப்பின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

1827 செப்டம்பரில் பாரிஸில் ஹாம்லெட் நாடகம் பார்க்கப் போன பெர்லியோஸ், ஒஃபீலியாவாக நடித்த ஹாரியட் ஸ்மித்சன் மீது பித்துப்பிடித்தவர்போல் காதல்கொண்டார். அந்தத் தவிப்பு 1830இல் ஐந்து பகுதிகள் கொண்ட சிம்பொனியானது. காதலியைக் குறிக்கும் ஒரு மெட்டு ஐந்து பகுதிகளிலும் உருமாறி உருமாறி வருகிறது. முதலில் ஏக்கமாக, பிறகு நடன விருந்தின் கூட்டத்துக்குள் ஒரு கணம், பிறகு மரண மேடையில் கத்தி விழுவதற்குச் சற்றுமுன் ஒற்றைக் கிளாரினெட்டில், கடைசியில் சூனியக்காரிகளின் கூத்தில் கீச்சுக்குரலில் பழித்துக் காட்டும் கோமாளி மெட்டாக. கதையை பெர்லியோஸே அச்சிட்டு ரசிகர்கள் கையில் கொடுத்தார். அதாவது இந்தப் படைப்பு பிறக்கும்போதே பாதி நாடகம்.

அரோரா அந்த நாடகத்தை வெளியே கொண்டுவந்தது. நடிகர் மேத்யூ பேய்ன்டன் பெர்லியோஸாக வந்து அவருடைய சொற்களைப் பேசினார். ஒளி மாறியது, கலைஞர்கள் இடம் மாறினார்கள், கடைசிப் பகுதியில் முகமூடி அணிந்து வாசித்தார்கள். ஏறக்குறைய ஐம்பது நிமிட இசை முழுவதும் மனப்பாடம்.

மூன்றாம் பகுதியில் வயல்வெளியில் இரண்டு இடையர்கள் குழலில் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். இங்கிலிஷ் ஹார்ன் மேடையில், பதில் சொல்லும் ஓபோ மேடைக்குப் பின்னால் என்று பெர்லியோஸே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பகுதி முடியும்போது முதல் இடையன் மறுபடி அழைப்பான், பதில் வராது. தொலைவில் இடி மட்டும் உருளும். இவ்வளவு தூரத்தையும் தனிமையையும் இசையிலேயே எழுதியவருக்கு மேடையை முழுதாகத் திறந்துவிட்டது சரியான மரியாதை என்று நினைக்கிறேன்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ரைட் ஆஃப் ஸ்பிரிங்கையும் மனப்பாடமாக வாசித்தார்களாமே?

ஆம், 2023 ப்ராம்ஸில். இன்றுவரை அவர்கள் செய்ததில் என்னை மிகவும் அசத்தியது அதுதான்.

1913 மே 29 அன்று பாரிஸில் இது பாலே நடனமாக அரங்கேறியபோது அரங்கமே கலவரமானது. கூச்சலில் இசை கேட்காததால், நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று நடனக்காரர்களுக்கு எண்ணிக்கையைக் கத்தினார். எண்ணிக்கைதான் இதன் உயிரும் ஆபத்தும். கடைசியில் வரும் பலி நடனத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு தாள வட்டத்துக்கும் கணக்கு மாறுகிறது. இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒழுங்கே இல்லாததுபோல் வெட்டி வெட்டிப் போகும். வேறோரிடத்தில் ஒரே வட்டத்துக்குள் பதினொரு அடிகள் இடிபோல் விழும், பத்தும் அல்ல, பன்னிரண்டும் அல்ல. ஆதி தாளம் போட்டுப் பழகிய கையால் இதற்குத் தாளம் போட்டுப் பாருங்கள், சில விநாடிகளில் கை நின்றுவிடும். நடத்துநர்களே பயந்து தயாராகும் படைப்பு இது. தாள் இல்லாமல் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வாசிக்கிறது என்றால், ஒவ்வொருவர் உடம்பிலும் அந்தக் கணக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று மாலை முதல் பாதியில், இந்தப் படைப்பு உருவான கதையை சார்லட் ரிச்சி, கார்ல் குயின்ஸ்பரோ என்ற இரு நடிகர்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவே நின்று நடித்துக் காட்டினார்கள். எழுதியவர் அரோராவில் புல்லாங்குழல் வாசிக்கும் ஜேன் மிட்செல். இசைத் துணுக்குகளைப் பிரித்துப் பிரித்து வாசித்து, எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு ஏறுகிறது என்றும் காட்டினார்கள். இரண்டாம் பாதியில் முழுப் படைப்பு, பேச்சில்லாமல். முதல் பாதியைப் பார்த்தவருக்கு இரண்டாம் பாதியில் காது இரட்டிப்பாக வேலை செய்யும்.

பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி?

2024இல், அது அரங்கேறி 200 ஆண்டுகள் ஆன கோடையில் வாசித்தார்கள். காது கேட்காத பேத்தோவனிடம் 1818 முதல் விருந்தினர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் பேசினார்கள். அவர் வாயால் பதில் சொல்வார். ஆகவே அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் மற்றவர்கள் பேச்சுதான் எஞ்சியிருக்கிறது, அவர் குரல் இல்லை. நாடகப் பகுதிக்கு அந்த உரையாடல் நோட்டுகளையே எடுத்துக்கொண்டார்கள்.

நாடகம் தவிர வேறு கலைகள் எவை?

இடத்தையே கருவியாக்கியது ஒன்று. பெனடிக்ட் மேசன் 2014இல் எழுதிய ஒரு படைப்புக்காக ராயல் ஆல்பர்ட் ஹாலின் வட்டமான அரங்கம் முழுவதும் கலைஞர்கள் நடமாடி, ரசிகர்களைச் சூழ்ந்து வாசித்தார்கள்.

விண்ணியலோடும் ஒரு சந்திப்பு உண்டு. கோள்களின் சுழற்சியே இசை என்ற பழைய கிரேக்க நம்பிக்கையை மையமாக வைத்து ஒரு நிகழ்ச்சி அமைத்தார்கள். 2020இல் அது இசைத்தட்டாகவும் வந்தது. அதில் இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டர் இவர்களுக்காக எழுதிய ஒரு படைப்பு இருக்கிறது. ஜாஸ்லின் பெல் பர்னெல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது 1967இல் கண்டுபிடித்த முதல் பல்சரின் (சீரான துடிப்புகளாக அலைகளை அனுப்பும் நட்சத்திரத்தின்) பெயரை அது தாங்கியிருக்கிறது. அதே தட்டில் மோட்ஸார்ட்டின் 41ஆம் சிம்பொனியும் ராக் பாடகர் டேவிட் போவியின் பாடல் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கேட்பதற்கு முன் எனக்கும் சந்தேகம் இருந்தது. 41ஆம் சிம்பொனியின் முடிவில் ஐந்து மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழல்வதைக் கேட்டபோது, கோள்களின் சுழற்சி பற்றிய தட்டில் அது ஏன் வந்தது என்று புரிந்தது.

இதெல்லாம் வித்தை காட்டுவதுதானே? இசையை இசையாக விட்டுவிடக் கூடாதா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் இசையை உண்மையாக நேசிப்பவர்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. மேடையில் கண்ணுக்குத் தெரிவது காதில் விழுவதைக் கூர்மையாக்குகிறதா, அல்லது கவனத்தைப் பிடுங்கிக்கொள்கிறதா? ரைட் ஆஃப் ஸ்பிரிங்கின் முதல் பாதி முதல் வகை. ஆனால் சிம்பொனி ஃபன்டாஸ்டிக்கில் பகுதிகளுக்கு நடுவே பேச்சு வந்தது எனக்கு ஒப்பவில்லை. பதில் கிடைக்காத இடையனின் மௌனத்துக்குப் பிறகு, பெர்லியோஸே ஆனாலும் யாரும் பேசக் கூடாது. அந்த மௌனம் இசையின் பகுதி. நாடகத்தை முதலில் முடித்துவிட்டு இசையைத் தனியே விட்ட 2023இன் முறையே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது.

மனப்பாடம் பற்றி எனக்கு அப்படிப்பட்ட தயக்கம் எதுவும் இல்லை. தாள் இல்லாதபோது மெல்லிய இடங்கள் இன்னும் மெல்லியதாகின்றன, திருப்பங்கள் எல்லோருக்கும் ஒரே கணத்தில் நேர்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வித்தியாசம் தெரியும்.

இப்படி வேறு குழுக்கள் உண்டா?

உண்டு. சிட்னியில் 1975இல் தொடங்கிய ஆஸ்திரேலியன் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா, ரிச்சர்ட் டோனியெட்டி தலைமையில் திரைப்படத்தோடு நேரடி இசையைச் சேர்த்திருக்கிறது. 2017இல் ஜெனிஃபர் பீடம் இயக்கத்தில் மலைகளைப் பற்றி வந்த படத்தைத் திரையில் ஓடவிட்டு, அடியில் நின்று வாசித்தார்கள். நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா 1972 முதல் நடத்துநரே இல்லாமல் இயங்குகிறது. ஒவ்வொரு குழுவும் வழக்கத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறது.

குழந்தைகளுக்கு ஏதாவது செய்கிறார்களா?

சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்காகக் கதையும் இசையும் சேர்ந்த தனி நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். குழந்தைகளும் கதைக்குள் கலந்துகொள்வார்கள்.

நேரில் பார்க்க என்ன வழி?

லண்டனுக்குக் கோடையில் போகிறவர்களுக்கு ப்ராம்ஸ் நல்ல வாய்ப்பு. 1895இல் தொடங்கிய இந்த விழாவில், உட்கார இடமில்லாமல் நின்று கேட்பவர்களுக்கு மிகக் குறைந்த விலையில் டிக்கெட் கொடுப்பது மரபு. அந்த இடம் மேடைக்கு மிக அருகில், அரங்கின் நட்டநடுவில் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் அரோரா கலைஞர்கள் சில சமயம் மேடையிலிருந்து இறங்கி, நிற்கும் கூட்டத்துக்குள் கலந்து நின்று இன்னொரு முறை வாசிப்பார்கள். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பசூன் குழல் இருக்கும். தாள் வேண்டாம் என்பதால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் இது.

போக முடியாதவர்களுக்கு யூடியூபில் அவர்களின் வீடியோக்கள் இருக்கின்றன.

பழக்கமே இல்லாதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

மோட்ஸார்ட்டின் 40ஆம் சிம்பொனி, முதல் பகுதி, ஏழெட்டு நிமிடம். முதல் தடவை மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை மெட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் வியோலாக்களைத் தேடுங்கள். மூன்றாவது தடவை இரண்டாவது மெட்டு திரும்பி வரும் இடத்துக்குக் காத்திருங்கள், முன்பு வெளிச்சமாக இருந்தது அங்கே இருண்டிருக்கும். அதன் பிறகு அரோராவின் வீடியோவைப் போட்டு, அதே இடத்தில் கலைஞர்களின் முகங்களைப் பாருங்கள்.